போகாத செய்திக்கு ஒரு நன்றி

ஆபீஸில் எல்லாரும் அவளை ஐநூறு என்றுதான் கூப்பிட்டார்கள். "ஐநூறு வந்தாச்சா?", "இதை ஐநூறுகிட்ட தள்ளிவிடு" என்று. பழகிய வாடிக்கையாளர்கள் கொஞ்சம் மரியாதை சேர்த்து ஐநூறு மேடம் என்பார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில்கூடக் கிடையாது, ஏனென்றால் அவளே அந்தப் பட்டியலில் கிடையாது. முதலாளி அவளுடைய அத்தான், அக்கா புருஷன். வீட்டு ஆளை யாராவது பட்டியலில் சேர்ப்பார்களா?

பெயர் வந்த கதை சின்னது. அந்தக் காலத்தில் ஒரு கடையோ பள்ளிக்கூடமோ இணையத்தில் தனக்கென்று ஒரு பக்கம் போட்டால், அதன் அடியில் "எங்களுக்கு எழுதுங்கள்" என்று ஒரு ஃபார்ம் வைக்கும். பெயர், ஃபோன் நம்பர், சொல்ல வேண்டியது, கடைசியில் "அனுப்பு" என்று ஒரு பொத்தான். பொத்தானை அழுத்தினால் சர்வரில் கிடக்கும், பெர்ல் என்ற கணினி மொழியில் எழுதிய ஒரு ஸ்கிரிப்ட் எழுந்து, எழுதியதை மெயிலாக்கிக் கடைக்காரருக்கு அனுப்ப வேண்டும். பெரும்பாலும் அது நடக்காது. அதற்குப் பதிலாக வெள்ளைப் பக்கத்தில் கறுப்பாக, "500 இன்டர்னல் சர்வர் எரர்" என்று வரும். என்ன தப்பு, யார் தப்பு, எந்த வரியில் தப்பு, ஒன்றும் இருக்காது. உள்ளே ஏதோ கோளாறு, அவ்வளவுதான். உடனே கடைக்காரர் ஃபோனை எடுத்துக் கத்துவார். அந்தக் கத்தலை வாங்கிக்கொள்வதுதான் அவள் வேலை.

கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் ஒரு பையோடு திரும்பி வந்தவள். அம்மா அப்பா இல்லை. அக்கா வீட்டு மாடியில், இஸ்திரி மேஜையும் பிள்ளைகளின் பழைய சைக்கிளும் கிடந்த அறையில் ஒரு கட்டில் போட்டார்கள். வீட்டின் கீழ்த்தளம்தான் அத்தானின் கம்பெனி. கார் நிறுத்தும் இடத்தைச் சுவர் எழுப்பி அடைத்து, ஏசி வைத்து, ஊர்க் கடைகளின் இணையப் பக்கங்களை வைத்திருக்கும் சர்வர்களை அடுக்கியிருந்தார். ஒரு வாரம் பார்த்துவிட்டு அத்தான் சொன்னார், மாடியில் சும்மா உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருப்பதற்குக் கீழே வந்து ஃபோனையாவது எடுக்கலாமே என்று. சர்வர் அறைக் கதவை ஒட்டி ஒரு மேஜை கிடைத்தது. கதவிடுக்கு வழியாகக் குளிர் வந்துகொண்டே இருக்கும். வெளியே வெயில் கொளுத்தினாலும் அவள் மட்டும் ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருப்பாள்.

அவளுக்கு ஒன்றும் தெரியாது. முதல் வாரம் கத்தினவர்களிடம் மன்னிப்பு மட்டும் கேட்டாள். பிறகு டெக்னீஷியனைக் கேட்டாள். அவன் தலையைக்கூடத் திருப்பாமல், "லாக்கைப் பாருங்க" என்றான். லாக் என்பது சர்வர் தனக்குத்தானே எழுதிக்கொண்டே போகும் பதிவு. திறந்து பார்த்தாள். வெளியே மூடுமந்திரமாக ஐநூறு என்று மட்டும் சொன்ன அதே இயந்திரம், உள்ளே எல்லாவற்றையும் விலாவாரியாக எழுதி வைத்திருந்தது. இன்ன ஸ்கிரிப்ட், இன்ன வரி, இன்னது கிடைக்கவில்லை. அவளுக்கு அது பிடித்துப்போயிற்று. பிறந்த வீட்டிலும் சரி, புகுந்த வீட்டிலும் சரி, அவள் செய்த தப்பு என்னவென்று யாரும் வரி எண்ணோடு சொன்னதில்லை.

புதிதாக ஸ்கிரிப்ட் போடுகிறவர்கள் செய்கிற தப்புகள் நாலைந்துதான் என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது. பெர்ல் எங்கே இருக்கிறது என்று முதல் வரி சொல்ல வேண்டும். எங்கிருந்தோ நகலெடுத்தவர்கள் அங்கிருந்த முகவரியையே விட்டுவைத்திருப்பார்கள். சர்வருக்கு ஏற்றும்போது தவறான முறையில் ஏற்றி, ஒவ்வொரு வரியின் வாலிலும் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்தை ஒட்டவிட்டிருப்பார்கள். ஸ்கிரிப்டை ஓட்ட அனுமதி கொடுக்க மறந்திருப்பார்கள். பக்கத்தைக் காட்டுவதற்கு முன் ஒரு காலி வரி விட வேண்டும், விட்டிருக்க மாட்டார்கள். மெயில் முகவரியின் நடுவில் வரும் அந்தச் சுழித்த குறிக்கு முன்னால் ஒரு சாய்கோடு போடாவிட்டால், பெர்ல் அதை வேறு எதுவோ என்று நினைத்துப் பாதி முகவரியை விழுங்கிவிடும்.

பூக்கடைக்காரர் ஒருவர் காலி வரி விடச் சொன்னதற்கு, "ஒண்ணுமே இல்லாத ஒரு வரிக்காகவா மூணு நாளா என் கடைக்கு ஆர்டர் வரலை?" என்று கேட்டார். ஆமாம் என்றாள். அவர் சற்று யோசித்து, தன் சம்சாரமும் அப்படித்தான், ஒன்றும் சொல்லாமல் இருந்தால்தான் எல்லாம் நடக்கும் என்றார். அவள் வாய்விட்டுச் சிரித்ததை ஆபீஸ் அன்றுதான் பார்த்தது.

நாளுக்கு நாள் ஃபோன் பெருகியதால், எல்லாருக்கும் பொதுவாக ஒரு மாதிரி ஸ்கிரிப்ட் எழுதி, அதை விளக்கி ஒரு உதவிப் பக்கமும் போட்டாள். பெயரையும் முகவரியையும் மாற்றிக்கொண்டால் போதும், ஃபார்ம் ஓடும். அதில் அடுத்தடுத்து இரண்டு வரிகள் இருந்தன. மெயில் அனுப்பும் புரோகிராமைக் கூப்பிடு. அது கிடைக்கவில்லை என்றால் அங்கேயே நின்றுவிடு. பெர்லில் அதற்கான சொல்லுக்கு நேர்ப்பொருள் செத்துப்போ என்பது. மெயில் போகாதபோது ஸ்கிரிப்ட் செத்துப்போகும், பார்ப்பவருக்கு எரர் பக்கம் வரும், வாடிக்கையாளர் ஃபோன் செய்வார்.

அந்தக் கடைசிப் பகுதிதான் அத்தானுக்குப் பிடிக்கவில்லை. நம்ம கம்பெனி என்றாலே எரர் என்று ஊரே பேசுகிறது என்றார். போட்டிக் கம்பெனிக்காரன் அதையே சொல்லி ஆட்களை இழுக்கிறான் என்றார். ஒருநாள் அவள் மேஜைக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"அந்தச் சாகற வரி எதுக்கு? எடுத்துடு. எது நடந்தாலும் கடைசியில நன்றி, உங்க செய்தி கிடைச்சுதுன்னு வரட்டும். பாக்கறவங்களுக்கு நிம்மதி."

"கிடைக்கலன்னா, அத்தான்?"

"எத்தனை தடவை கிடைக்காம போயிருக்கு? ஊர்ல எல்லா ஃபார்மும் அப்படித்தான் ஓடுது."

அவள் ஒருமுறை மறுத்துச் சொன்னாள். இரண்டாம் முறை சொல்ல வாயெடுத்தபோது அக்கா சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையின் அர்த்தம் அவளுக்கு அத்துப்படி. நம்ம இருக்கிற இருப்புக்கு வாதம் எதற்கு என்பது அது. மாதிரியிலும், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த ஃபார்ம்களிலும் அந்த வரியை எடுத்துவிட்டாள். அடுத்த வாரமே ஃபோன்கள் பாதியாகக் குறைந்தன. அத்தான் சாப்பாட்டு மேஜையில், எல்லார் முன்னாலும் அவளைப் பாராட்டினார். அவர் பாராட்டினது அது ஒரு தடவைதான்.

டயாலிசிஸ் செய்துகொள்ளும் நோயாளிகளை வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் கொண்டுவந்துவிட ஒரு உதவிச் சங்கம் இருந்தது. ஒரே ஒரு வேன், ஒரு டிரைவர். அதன் செயலாளர் அம்மாள் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முன்பெல்லாம் வேன் வேண்டுமென்றால் ஃபோனில் சொல்ல வேண்டும். ஃபோன் எடுக்கிற தன்னார்வலருக்குக் காது மந்தம்; ஒருமுறை தெருப்பெயரைத் தப்பாக வாங்கி, வேன் ஊரின் இன்னொரு கோடிக்குப் போய் நின்றது. எழுத்தில் வந்தால் இந்தத் தொல்லை இல்லை என்று செயலாளர் அம்மாள் முடிவு செய்து, அத்தானின் கம்பெனிக்கு வந்தார். ஐநூறுதான் பக்கத்தில் உட்கார வைத்து ஃபார்மைப் போட்டுக் கொடுத்தாள். பெயர், வீட்டு முகவரி, எந்த மாடி, லிஃப்ட் உண்டா, எத்தனை மணிக்கு. அம்மாள் ஒவ்வொரு கட்டமாகச் சோதித்துப் பார்த்தார். மெயில் வந்தது. சந்தோஷமாகப் போய், அட்டை அச்சடித்து வீடுவீடாகக் கொடுத்தார். ஃபோன் பதிவை நிறுத்தினார்.

அந்த ஃபார்மிலாவது அவள் அந்த ஒரு வரியைப் போட்டிருக்கலாம். இது பூக்கடை ஆர்டர் இல்லை என்று அவளுக்குத் தெரியாமலில்லை. ஆனால் கை மாதிரி ஸ்கிரிப்டை அப்படியே நகலெடுத்துப் பழகியிருந்தது. நினைக்கவே இல்லை. இதைப் பின்னால் அவளே சொன்னாள், யோசித்து விட்டுவிட்டிருந்தால்கூடத் தேவலை என்று.

அதற்கடுத்த வருஷம் அத்தான் புது சர்வர் வாங்கினார். பழையதிலிருந்து எல்லாவற்றையும் அதற்கு மாற்ற வேண்டும். வார இறுதியில் ஆள் நடமாட்டம் குறைவு என்று வெள்ளிக்கிழமையைத் தேர்ந்தெடுத்தார். அதே வெள்ளி அவளுக்கு விவாகரத்து வழக்கு, புருஷனுடைய ஊரில். கிளம்பும்போது ஒன்றே ஒன்று சொல்லிவிட்டுப் போனாள். பழைய மெஷினில் மெயில் புரோகிராம் ஒரு இடத்தில் இருக்கிறது, புதியதில் வேறு இடத்தில் இருக்கலாம். அப்படியானால் பழைய இடத்திலிருந்து புது இடத்துக்கு ஒரு இணைப்புப் போட்டுவிட வேண்டும். எல்லாருடைய ஃபார்மும் அந்தப் பழைய முகவரியைத்தான் தேடிப் போகும். அத்தான் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டார். "எல்லாம் எனக்குத் தெரியும். நீ உன் கேஸைப் பாரு."

கோர்ட்டில் நீதிபதி வரவில்லை. தேதி தள்ளிப்போயிற்று. புருஷன் வராந்தாவின் மறு முனையில் நின்று யாரோடோ ஃபோனில் பேசிக்கொண்டிருந்தான், இவள் பக்கம் திரும்பவே இல்லை. அங்கே ஒரு சிநேகிதி வீட்டில் இருந்துவிட்டு ஞாயிறு சாயங்காலம் திரும்பினாள். வந்ததும் அத்தானைக் கேட்டாள், ஃபார்ம்களைச் சோதித்தீர்களா என்று.

"பண்ணேனே. நன்றின்னு வந்துது."

"மெயில் வந்துதா?"

"நன்றி வந்தப்புறம் மெயில் வராம எங்க போகும்?"

பயண அலுப்பு. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று மாடிக்குப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை ஆபீஸ் அமைதியாக இருந்தது. ஒரு ஃபோன் இல்லை, ஒரு கத்தல் இல்லை. டெக்னீஷியன்கூட, மெஷின் மாற்றினதே தெரியாத அளவுக்கு நடந்திருக்கிறது என்று பெருமைப்பட்டான். அவள் மட்டும் நம்பவில்லை. லாக்கைத் திறந்தாள். வெள்ளிக்கிழமை மாலையிலிருந்து ஒரே வரி, கீழே கீழே கீழே. நீ தேடுகிற இடத்தில் அப்படி எதுவும் இல்லை. ஒவ்வொரு வரியும் யாரோ ஒருவர் எழுதி அனுப்பியது. என்ன எழுதினார்கள் என்பது எங்கும் இல்லை. அது எந்த மெஷினிலும் தங்கவில்லை, அப்படியே காற்றோடு போயிருந்தது. லாக்கில் மிஞ்சியது நேரமும், எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து என்பதும் மட்டும்தான். சங்கத்து ஃபார்முக்கு நேரே பார்த்தாள். சனிக்கிழமை காலையில் ஒரே கம்ப்யூட்டரிலிருந்து திரும்பத் திரும்ப அழுத்தியிருந்தார்கள்.

அவள் இணைப்பைப் போட்டாள். ஒற்றை வரி வேலை. சோதித்தாள், மெயில் வந்தது. வந்த மெயிலைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே செயலாளர் அம்மாளின் ஃபோன் வந்தது.

நடந்ததை அம்மாள் சொன்னார். சனிக்கிழமை வேன் டிரைவருக்குப் பதிவே வரவில்லை. ஊரில் எல்லாருக்கும் உடம்பு தேவலையாகிவிட்டது போல என்று டிரைவர் வேடிக்கையாகச் சொல்லிவிட்டு, வேனைக் கழுவித் துடைத்திருக்கிறார். நோயாளிகளில் பலர் வேன் வராததைப் பார்த்து டாக்ஸி பிடித்து, பக்கத்து வீட்டுக்காரரைக் கெஞ்சி, எப்படியோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஒருவர் போகவில்லை. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்து கடையை மூடிவிட்ட பெரியவர். மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. கால் வீக்கம். அவரும் மனைவியும் மட்டும். வெளிநாட்டில் இருக்கும் மகன் வாங்கி வைத்துவிட்டுப் போன கம்ப்யூட்டரில் மனைவிதான் ஃபார்மை நிரப்புவது வழக்கம். வெள்ளி இரவு நிரப்பினார், நன்றி வந்தது. காலையில் அவரை மெதுவாக இறக்கி, கீழே மாடிப்படி அடியில் நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டுக் காத்திருந்தார். வேன் வரவில்லை. மேலே ஏறிப் போய் மறுபடி எழுதினார். நன்றி வந்தது. கீழே வந்தார். மறுபடி ஏறினார். சங்கத்து ஃபோன் மணியடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. ஒவ்வொரு தடவையும் கம்ப்யூட்டர் செய்தி கிடைத்தது என்று சொன்னதால், இதோ வந்துவிடும், வழியில் தாமதம் என்றே நினைத்துக்கொண்டார்கள். டாக்ஸி பிடிக்கலாம் என்று மனைவி சொன்னதற்கு, பெரியவர்தான், அவர்கள் வந்து நின்று நாம் இல்லாமல் போனால் மரியாதையாக இருக்காது என்றாராம். ஆஸ்பத்திரியில் அவருக்கான நேரம் போய்விட்டது. செவ்வாய்தான் அடுத்தது. ஞாயிறு இரவு மூச்சு முட்டியது. ஆம்புலன்ஸ் வந்தது. திங்கள் விடிவதற்குள் போய்விட்டார்.

அன்று மாலை அக்கா காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைக்காமலே பேசினாள். செயலாளர் அம்மாள் நாளை வருகிறாராம். சங்கம் புகார் கொடுத்தால் கம்பெனி நாறிப்போகும், வங்கிக் கடன் இருக்கிறது, பிள்ளைகள் படிப்பு இருக்கிறது.

"உங்க அத்தான் வேணும்னேவா பண்ணாரு?"

"நான் சொல்லிட்டுத்தானேக்கா போனேன்."

"சொன்னே, சரி. ஸ்கிரிப்டை எழுதினது யாரு?"

அக்கா நறுக்கின காயைத் தட்டில் தள்ளினாள்.

"நீ தெரியாம பண்ணிட்டேன்னு சொன்னா, பாவம் சின்னப் பொண்ணுன்னு விட்டுடுவாங்க. அவர் சொன்னா விடுவாங்களா? உனக்கு என்ன, கம்பெனியா இருக்கு, குழந்தையா இருக்கு?"

அந்தக் கடைசி வார்த்தை தெரிந்து வந்ததா, வாய் தவறி வந்ததா என்று அக்காவுக்கே தெரிந்திருக்காது. வந்துவிட்டது.

மறுநாள் முன்னறையில் செயலாளர் அம்மாளுக்கு அத்தானே காபி கொண்டுவந்து வைத்தார். நடந்ததற்குத் தன் மனசு படும் பாட்டைச் சொன்னார். பிறகு, தான் இவளைக் குறை சொல்லவில்லை என்றும், இருந்தாலும் ஸ்கிரிப்ட் இவள் எழுதியது என்றும், இனி இந்த மாதிரி வேலையை அனுபவமுள்ளவர்கள்தான் பார்ப்பார்கள் என்றும் சொன்னார். அம்மாள் அவள் பக்கம் திரும்பினார். ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்த மாதிரி இருந்தது.

"ஆமாம்மா. நான்தான் எழுதினேன்," என்றாள்.

அதில் பொய் ஒன்றுமில்லை. மீதியைச் சொல்லவில்லை, அவ்வளவுதான். அம்மாள் காபியைத் தொடாமல் எழுந்துவிட்டார். புகார் கொடுக்கவில்லை. சங்கத்தின் பக்கத்தை வேறு கம்பெனிக்கு மாற்றிக்கொண்டு போனார். கம்பெனி தப்பித்தது. அவளைக் கொஞ்ச நாள் கீழே வர வேண்டாம் என்றார் அத்தான். ஆறப்போட்டால் எல்லாம் சரியாகிவிடுமாம். அவள் ஒன்றுதான் கேட்டாள், மாதிரி ஸ்கிரிப்டில் அந்த வரியை மறுபடி போட்டுவிடுங்கள் என்று. பார்க்கலாம் என்றார்.

அவள் கண்ணாடிக்கடைக்காரர் வீட்டுக்குப் போனாள். யாரும் அனுப்பவில்லை, யாரிடமும் சொல்லவுமில்லை. மூன்று மாடி ஏறினாள். கதவைத் திறந்த அம்மாள் சின்னதாக, சுத்தமாக இருந்தார். இவள் யாரென்று சொன்னதும் முகம் மாறவில்லை, உள்ளே வரச் சொன்னார். கம்ப்யூட்டர் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடி வைத்திருந்தது. இவள் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்ததை அவர் கையமர்த்தி நிறுத்தினார்.

"எனக்கு இதெல்லாம் தெரியாது. ஒண்ணு கேக்கறேன், சொல்லுங்க. நான் எழுதினது போகலைன்னு அந்த மெஷினுக்குத் தெரியுமா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அந்த அம்மாளுக்கு அதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை.

"தெரியும்."

"தெரிஞ்சும் கிடைச்சுதுன்னு சொல்லிச்சா?"

"அப்படிச் சொல்ல வெச்சிருந்தோம்மா."

அந்த அம்மாள் துண்டு போட்ட கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். "நான் நாலு தடவை மாடி ஏறி இறங்கினேன்," என்றார். குரலில் கோபம்கூட இல்லை. "இல்லைன்னு ஒரு தடவை சொல்லியிருந்தா, அவரைத் தூக்கிக்கிட்டாவது போயிருப்பேன்." பிறகு எழுந்து கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். "நீங்க கிளம்புங்க."

திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பாள். மனசு கொஞ்சம் லேசாகியிருக்கும். அந்த அம்மாள் அதற்கும் இடம் கொடுக்கவில்லை.

அந்த மாதமே அக்கா வீட்டிலிருந்து அவள் கிளம்பினாள். ஐநூறு மேடம் என்று கூப்பிடுகிற பழைய வாடிக்கையாளர் ஒருவர் டிரைவிங் ஸ்கூல் வைத்திருந்தார். அங்கே வகுப்பு நேரம் ஒதுக்குகிற வேலை கிடைத்தது. ஒரு தையல்கடைக்கு மேலே அறை. பகலெல்லாம் கீழேயிருந்து மெஷின் ஓடும் சத்தம் வரும். அக்கா தடுக்கவில்லை. இரண்டு போர்வையும் ஒரு குக்கரும் கொடுத்தனுப்பினாள்.

ஒரு நாள் மதியம், பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து அத்தான் கம்பெனியின் உதவிப் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். மாதிரி ஸ்கிரிப்ட் அப்படியே இருந்தது. வரி இல்லை. புதிதாக வந்தவர்கள் அதையே நகலெடுத்துக்கொண்டிருந்தார்கள். அவள் பாஸ்வேர்டை மாற்றவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, வீட்டு ஆள்தானே. அவள் உள்ளே போனாள். முதலில் மாதிரியைத் திருத்தினாள். பிறகு, கிடைத்த மதியங்களில் எல்லாம் வந்து உட்கார்ந்து, வாடிக்கையாளர்களின் ஸ்கிரிப்டுகளை ஒவ்வொன்றாகத் திறந்து அந்த வரியைச் சேர்த்தாள். முன்னைப்போல வெறும் ஐநூறு வரவேண்டாம் என்று, மெயில் போகாவிட்டால் பார்ப்பவருக்கு இரண்டே வாக்கியம் வரும்படி செய்தாள். "உங்கள் செய்தி போகவில்லை. தயவுசெய்து ஃபோன் செய்யுங்கள்." முடிந்ததும் வெளியே வந்துவிட்டாள். பிறகு அந்தப் பக்கம் போகவில்லை. அனுமதியில்லாமல் செய்தது சரியா என்று டிரைவிங் ஸ்கூல்காரர் பின்னால் கேட்டபோது, சரியில்லைதான் என்றாள்.

இரண்டு வருஷம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அத்தான் கம்பெனியை ஒரு பெரிய கம்பெனிக்கு விற்க ஏற்பாடு செய்தார். வாங்குகிறவர்கள் எல்லாவற்றையும் தங்கள் மெஷின்களுக்கு மாற்றினார்கள். அங்கே மெயில் புரோகிராம் இன்னொரு இடத்தில் இருந்தது. ஒரே காலையில் எல்லாக் கடைகளின் ஃபார்ம்களும், உங்கள் செய்தி போகவில்லை, உங்கள் செய்தி போகவில்லை என்று சொல்லத் தொடங்கின. ஃபோன் மணி ஓயவில்லை. மத்தியானத்துக்குள் தப்பைக் கண்டுபிடித்துச் சரிசெய்துவிட்டார்கள். ஒரு செய்திகூடத் தொலையவில்லை. போகவில்லை என்று தெரிந்துகொண்டவர்கள் ஃபோன் செய்தார்கள், இல்லையென்றால் திரும்ப எழுதினார்கள். ஆனால் வாங்க வந்தவர்கள் பயந்துவிட்டார்கள். இத்தனை பேருடைய ஸ்கிரிப்டில் யாரோ உள்ளே புகுந்து கைவைத்திருக்கிறார்கள், அது முதலாளிக்கே தெரியவில்லை என்றால் இது என்ன கம்பெனி என்று கேட்டார்கள். பேரம் முறிந்தது.

யார் கைவைத்தது என்று கண்டுபிடிக்க அத்தானுக்கு நேரமாகவில்லை. லாக் இருந்ததே.

அக்கா டிரைவிங் ஸ்கூலுக்கே ஃபோன் செய்தாள். ஏண்டி இப்படிப் பண்ணினே, உனக்கு என்ன துரோகம் செய்தோம், கட்டில் போட்டுச் சோறு போட்டதற்கா என்று கேட்டாள். இரண்டு வருஷமாகக் காத்திருந்து வஞ்சம் தீர்த்துக்கொண்டாய் என்று அவர் சொல்கிறார், நான் நம்ப மாட்டேன் என்றேன், இப்போது நம்புகிறேன் என்றாள்.

"போகலைன்னா போகலைன்னு சொல்லணும்க்கா. அதுக்குத்தான் போட்டேன்."

"யாருக்குச் சொல்லணும்? ஊருக்கா?"

"அந்தப் பெரியவர் செத்தது ஞாபகம் இருக்கா உனக்கு?"

"அதை எதுக்கு இப்ப இழுக்கறே?" என்றாள் அக்கா. ஃபோனை வைத்துவிட்டாள்.

ஒரு மனிதர் செத்ததற்கு அந்த வீட்டில் அவள்மேல் யாருக்கும் கோபம் வரவில்லை. பாவம் தெரியாமல் செய்துவிட்டாள் என்று மன்னித்தும்விட்டார்கள். கம்பெனி விலை போகாததற்குத்தான் உறவு அறுந்தது. அக்கா மகள் கல்யாணத்துக்கு அவளுக்குச் சொல்லி அனுப்பவில்லை. கல்யாணப் படங்களை வேறு யாரோ காட்டித்தான் பார்த்தாள்.

போன வருஷம் அக்காவுக்கு வயிற்றில் ஆபரேஷன் என்று பழைய டெக்னீஷியன் வழியாகத் தெரியவந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனாள். அத்தான் காரிடாரில் உட்கார்ந்திருந்தார். தலை நரைத்து, தோள் தொங்கியிருந்தது. அவளைப் பார்த்ததும் எழுந்து, டீ மெஷின் இருக்கிற பக்கமாகப் போய்விட்டார். உள்ளே அக்கா விழித்துத்தான் இருந்தாள். யார் சொன்னார்கள் என்று கேட்டாள். சொன்னாள். வலிக்கிறதா என்றாள் தங்கை. மருந்து கொடுக்கிறார்கள் என்றாள் அக்கா. அடுத்த கட்டிலில் ஒரு அம்மாள் மருமகளைப் பற்றி யாரிடமோ குறை சொல்லிக்கொண்டிருந்தாள். இருவரும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கால் குளிருகிறது என்றாள் அக்கா. தங்கை போர்வையை இழுத்துப் பாதத்தைச் சுற்றி மடித்து விட்டாள்.

"நீ வந்தது போதும். இனிமே வராதே," என்றாள் அக்கா, கண்ணை மூடிக்கொண்டு. "அவருக்குப் படபடன்னு வருது."

சரி என்றாள். போர்வையின் மறு முனையையும் மடித்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். மறுநாள் டிரைவிங் ஸ்கூலில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு வகுப்பு நேரம் ஒதுக்க வேண்டியிருந்தது. வழக்கம்போலப் போய் ஒதுக்கினாள்.